டிகின்டரில் மாட்டிக்கொண்டால் எங்கே தேடுவது? அறிகுறி வாரியாக

வண்ணாரப்பேட்டை துணிக்கடை, காசிமேடு ஐஸ் கம்பெனி, கொருக்குப்பேட்டை லாரி ஆபீஸ் என்று வட சென்னையில் சின்னச் சின்ன இடங்களுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தரும் பையன்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நாலு தூறல் விழுந்தால் நெட் போய்விடும் இடங்கள் இவை. பிரவுசரில் ஓடும் மென்பொருளை நம்பிக் கல்லாவில் உட்கார முடியாது. டெஸ்க்டாப்பில் ஒரு விண்டோ, அதில் நாலு பெட்டி, ஒரு பட்டன், அவ்வளவுதான் தேவை. பைத்தான் தெரிந்தவர்கள் கை தானாக டிகின்டர் என்ற விண்டோ நூலகத்துக்குப் போகும். அது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, பழைய மெஷினிலும் ஓடுகிறது, காசும் கிடையாது.

முதல் விண்டோ சீக்கிரம் வந்துவிடும். அதற்கப்புறம்தான் போன் வரும்: "அண்ணா, இதுக்கு டாக்குமென்டேஷனே இல்லண்ணா." பைத்தானின் அதிகாரபூர்வ பக்கத்தைத் திறந்தால் பையன் சொல்வதில் நியாயம் இருப்பது தெரியும். அறிமுகம் இருக்கும், விட்ஜெட்களின் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகளின்) பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு விட்ஜெட்டும் என்னென்ன ஆப்ஷன் ஏற்கும், அதற்கு என்ன மதிப்பு தரலாம் என்று கேட்டால், டிகே கையேட்டைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் கையேடோ வேறொரு மொழியில் நிரல் எழுதுபவர்களுக்காக எழுதப்பட்டது.

அந்த வேறொரு மொழியின் பெயர் டிசிஎல். ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1988 வாக்கில் தொடங்கியது. அதற்காக அவரே எழுதிய விண்டோ நூலகம்தான் டிகே. டிகின்டர் என்பது அதன் மேல் போட்ட மெல்லிய பைத்தான் உறை. நீங்கள் பைத்தானில் ஒரு பட்டன் வைத்தால், உறை அதை டிசிஎல் கட்டளையாக மாற்றி, உள்ளே ஓடும் டிசிஎல் இன்டர்பிரிட்டரிடம் தருகிறது. அது டிகே-யைக் கூப்பிடுகிறது. டிகே போய் விண்டோஸிடமோ, லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ்11-இடமோ சொல்லித் திரையில் வரைய வைக்கிறது. ஆக மொத்தம் நான்கு அடுக்கு: பைத்தான் உறை, டிசிஎல், டிகே, திரையில் வரையும் சிஸ்டம். நான்குக்கும் தனித்தனி ஆவணம். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பிடியுங்கள், அப்புறம் தேடுங்கள். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாமே அந்த அடுக்கைப் பிடிக்கத்தான்.

எதற்கும் முன்னால் ஒரு காரியம். டெர்மினலில் பைத்தான் மைனஸ் எம் டிகின்டர் என்று அடியுங்கள். ஒரு குட்டி விண்டோ வரும். மேலே டிசிஎல்/டிகே பதிப்பு எண், கீழே "கிளிக் மீ" என்றும் "குவிட்" என்றும் இரண்டு பட்டன்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அது 8.6-ல் தொடங்கும். 9.0 வெளிவந்தது 2024 செப்டம்பரில்தான். நீங்கள் படிக்கும் கையேடு எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் ஒரு வரியும் நம்பாதீர்கள்.

## "டிகின்டர் என்று ஒரு மாட்யூலே இல்லை என்கிறது"

எரரில் வரும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முதல் எழுத்து பெரிய டி என்றால், நீங்கள் கையில் வைத்திருப்பது பைத்தான் 2 காலத்துப் பாடம். பைத்தான் 3-ல் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தாகிவிட்டது. மெசேஜ் பாக்ஸ், ஃபைல் டயலாக் போன்றவையும் தனி மாட்யூலாக இருந்த நிலை மாறி அதற்குள்ளேயே போய்விட்டன. பெயரை மாற்றினால் அந்தப் பாடத்தின் மிச்சம் பெரும்பாலும் வேலை செய்யும், தூக்கிப் போட வேண்டாம்.

பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருந்தாலோ, பெயர் சரியாகச் சின்ன எழுத்தில் இருந்தும் மாட்யூல் இல்லை என்றாலோ உங்கள் பைத்தானுக்கு டிகே இணைப்பே இல்லை. உபுன்டு, டெபியன் இரண்டிலும் பைத்தான்3-டிகே என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும். இரண்டும் இல்லை, மாட்யூல் இருக்கிறது ஆனால் அதற்குள் டிகே என்ற வகுப்பு இல்லை என்று எரர் வந்தால், உங்கள் ஃபோல்டரைப் பாருங்கள். உங்கள் கோப்புக்கே டிகின்டர் என்று பெயர் வைத்திருப்பீர்கள்.

## "நான் தேடும் ஆப்ஷன் பைத்தான் பக்கத்தில் இல்லவே இல்லை"

அதிகம் வரும் புகார் இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் விட்ஜெட்டையே கேளுங்கள். எந்த விட்ஜெட் மீதும் கன்ஃபிகர் மெத்தடை வெறுமனே, அடைப்புக்குள் ஒன்றும் போடாமல் கூப்பிட்டால், அது ஏற்கும் எல்லா ஆப்ஷனையும் ஒரு டிக்‌ஷனரியாகத் தந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து உறுப்பு. அவற்றில் கடைசி இரண்டுதான் நமக்கு முக்கியம்: இயல்பு மதிப்பு, இப்போதைய மதிப்பு. சில ஆப்ஷன் இரண்டே உறுப்போடு வரும். அது இன்னொன்றின் சுருக்கப் பெயர். பிஜி என்பது பேக்கிரவுண்டுக்குச் சுருக்கம் என்பது போல. இதற்கு நெட் வேண்டாம், ஆவணம் வேண்டாம். உங்கள் மெஷினில், உங்கள் பதிப்பில் என்ன இருக்கிறது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

பெயர் தெரிந்துவிட்டது, அது என்ன செய்யும் என்று தெரியவில்லை என்றால் டிகே கையேட்டுக்குப் போக வேண்டியதுதான். நெட்டிலும் இருக்கிறது. உபுன்டுவில் டிகே-டாக் என்ற பேக்கேஜைப் போட்டால் முழுக் கையேடும் மெஷினுக்குள்ளேயே வந்துவிடும், மேன் கட்டளையில் படிக்கலாம். எழுத்து முழுக்க டிசிஎல் முறையில் இருப்பதைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். மாற்றிப் படிக்கும் விதிகள் கொஞ்சம்தான்:

ஆப்ஷனுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சமக்குறி போட்டால் பைத்தான் ஆகிவிடும். "பாத்நேம்" என்று சாய்வெழுத்தில் எழுதி அதற்கடுத்து ஒரு சொல் இருந்தால், பாத்நேம் என்பது உங்கள் விட்ஜெட், அடுத்த சொல் அதன் மெத்தட். இரண்டு சொல் சேர்ந்து வந்தால் இடையில் அடிக்கோடு போட்டு ஒட்டுங்கள். செலக்‌ஷன், கிளியர் என்று தனித்தனியாக இருப்பது பைத்தானில் அடிக்கோட்டால் சேர்ந்த ஒரே மெத்தட். டபிள்யூஎம், வின்ஃபோ என்று தொடங்கும் கட்டளைகளும் அப்படியே. பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொல்லாக இருந்தால் வால் பக்கம் ஒரு அடிக்கோடு சேரும். ஸ்கேல் விட்ஜெட்டின் ஃப்ரம் ஆப்ஷன் அப்படித்தான். எத்தனையோ பேர் அங்கே முட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

விசை, மவுஸ் நிகழ்வுகளை ஃபங்ஷனோடு இணைக்கும் பைண்ட் பக்கத்தில் சதவீதக் குறியோடு எழுத்துகள் வரும். டிசிஎல்-லில் சதவீதம் எக்ஸ் என்றால் பைத்தானில் ஈவென்ட் பொருளின் எக்ஸ். சதவீதம் பெரிய கே என்றால் கீசிம், அதாவது விசையின் பெயர். பெரிய டபிள்யூ என்றால் விட்ஜெட். இந்த ஒரு பத்தி புரிந்துவிட்டால் கையேட்டின் பெரும்பகுதி திறந்துவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் உறையையே படியுங்கள். டிகின்டர் ஃபோல்டரில் உள்ள இனிட் கோப்பு சாதாரண பைத்தான்தான். ஒரு மெத்தட் எந்த டிசிஎல் கட்டளையைக் கூப்பிடுகிறது என்பது பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியில் உள்ள சொற்களைக் கையேட்டில் தேடினால் நேராக இடத்துக்குப் போய்விடலாம்.

## "இலக்கம் மட்டும் ஏற்கும்படி வைத்தேன், ஒரு தப்பான எழுத்துக்கு அப்புறம் கட்டுப்பாடே இல்லை"

மேலே சொன்னதற்கு நல்ல உதாரணம். ஐஸ் கம்பெனி மென்பொருளில் எத்தனை பார் ஐஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுத்து விழக் கூடாது. என்ட்ரி விட்ஜெட்டுக்கு வேலிடேட், வேலிடேட்கமாண்ட் என்று இரண்டு ஆப்ஷன். பைத்தான் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சரியாக எழுதுவது கஷ்டம். டிகே-யின் என்ட்ரி பக்கத்தில் எல்லாமே இருக்கிறது.

சரிபார்க்கும் ஃபங்ஷனை முதலில் ரெஜிஸ்டர் மெத்தட் மூலம் டிசிஎல்-லிடம் பதிவு செய்ய வேண்டும். அதோடு என்ன தகவல் வேண்டும் என்பதைச் சதவீதக் குறியில் சொல்ல வேண்டும். பெரிய பி என்றால் இந்த மாற்றத்தை அனுமதித்தால் பெட்டியில் என்ன இருக்கும் என்பது. சின்ன எஸ் என்றால் இப்போது இருப்பது. பெரிய எஸ் என்றால் புதிதாக விழும் அல்லது அழியும் பகுதி. சின்ன டி என்றால் செயல்: 1 சேர்ப்பு, 0 அழிப்பு, மற்றவைக்கு மைனஸ் 1. முக்கால்வாசி நேரம் பெரிய பி மட்டும் போதும்.

இப்போது அறிகுறிக்கு வருவோம். ஃபங்ஷனில் "இலக்கமாக இருந்தால் ட்ரூ" என்று எழுதிவிட்டு, இல்லாவிட்டால் என்ன என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். தப்பான எழுத்து விழுந்ததும் ஃபங்ஷன் நன் (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று திருப்பும். டிசிஎல்-லுக்கு அது ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. சரியான பூலியன் வராவிட்டால் வேலிடேட் ஆப்ஷன் தானே நன் நிலைக்குப் போய்விடும் என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. அதாவது காவல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் என்ன அடித்தாலும் உள்ளே போகும். பார்த்த உடனே சந்தேகம் தீர, வேலிடேட் ஆப்ஷனின் இப்போதைய மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். மருந்து, ஃபால்ஸ் என்று வெளிப்படையாகத் திருப்புவது.

சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அந்தப் பெட்டியின் உள்ளடக்கத்தை மாற்றினாலும் இதே கதைதான், பழைய வகை என்ட்ரி கட்டுப்பாட்டை நிறுத்திவிடும். டிடிகே என்ற புதிய விட்ஜெட் குடும்பத்தின் என்ட்ரி அதற்கு மட்டும் நிறுத்தாது. இந்த வித்தியாசமும் டிடிகே என்ட்ரி பக்கத்தில் தனித் தலைப்பில் இருக்கிறது.

கடைசி இலக்கத்தை பேக்ஸ்பேஸ் போட்டு அழிக்க முடியவில்லை என்றால், காலிப் பெட்டியை உங்கள் ஃபங்ஷன் மறுக்கிறது. காலியையும் அனுமதியுங்கள். (பைத்தானின் இலக்கச் சோதனை தமிழ் எண்களையும் ஏற்கும், ௧௨ என்று அடித்தால் 12 ஆகவே மாற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை.)

## "தெரியாத ஆப்ஷன் என்று எரர், ஆனால் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது"

எரரில் ஆப்ஷன் பெயருக்கு முன்னால் சிறு கோடு தெரிகிறதா? அப்படியானால் பேசுவது பைத்தான் இல்லை, டிசிஎல். அந்த வாசகத்தைப் பைத்தான் என்ற சொல்லைச் சேர்க்காமல் தேடுங்கள், விடை சீக்கிரம் வரும்.

பிஜி என்ற ஆப்ஷனைத் தெரியாது என்று சொன்னால் காரணம் ஏறக்குறைய நிச்சயம்: டிகின்டரில் இரண்டு விட்ஜெட் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய குடும்பத்தில் நிறத்தை நேராக விட்ஜெட்டிடமே சொல்லலாம். 2007-ல் டிகே 8.5-ஓடு வந்த டிடிகே குடும்பத்தில் நிறம், ஓரம் எல்லாம் ஸ்டைல் என்ற தனிப் பொருளின் வேலை. இரண்டிலும் பட்டன் இருக்கிறது, லேபிள் இருக்கிறது, பெயரும் ஒன்றே. கோப்பின் தலையில் இரண்டிலிருந்தும் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இழுத்தால், பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடிவிடும். பாடம் எழுதியவர் பழைய பட்டனை நினைத்து எழுதியிருப்பார், உங்கள் கையில் இருப்பது புதியது. நட்சத்திர இறக்குமதியை விட்டுவிட்டு டிகே, டிடிகே என்று முன்னொட்டோடு கூப்பிடப் பழகுங்கள். பிறர் நிரலைப் படிக்கும்போதும் எது எந்தக் குடும்பம் என்று கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டைலில் சரியாகச் சொல்லியும் விண்டோஸில் பட்டன் நிறம் மாறவில்லையா? விண்டோஸின் சொந்த தீம் பட்டனைத் தானே வரைகிறது, உங்கள் பேச்சைக் கேட்காது. தீமை கிளாம் என்று மாற்றிப் பாருங்கள். மாறினால் கோளாறு நாலாவது அடுக்கில், உங்கள் நிரலில் இல்லை. எந்தப் பகுதிக்கு எந்தப் பெயர் என்று தெரியாவிட்டால் ஸ்டைல் பொருளின் லேஅவுட் மெத்தடைக் கேளுங்கள், உள்ளே என்னென்ன துண்டுகள் என்று பிரித்துக் காட்டும்.

தீம்கள் பெரும்பாலும் டிசிஎல் கோப்புகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. டிகே லைப்ரரி என்ற டிசிஎல் மாறியின் மதிப்பைக் கேட்டால் அவை இருக்கும் ஃபோல்டர் தெரியும். அதே ஃபோல்டரில் என்ட்ரி, டெக்ஸ்ட், லிஸ்ட்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அங்கே. லினக்ஸில் கன்ட்ரோல் ஏ அழுத்தினால் எல்லாம் தேர்வாகாமல் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடுவது ஏன் என்று கேட்டால், விடை அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. எக்ஸ்11-ல் எல்லாவற்றையும் தேர்வு செய்ய கன்ட்ரோலும் சாய்கோடும் என்று டிகே வைத்திருக்கிறது.

## "எல்லோரும் கைகாட்டும் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது"

எஃப்பாட் தளமும் நியூ மெக்சிகோ டெக் கையேடும்தான் அது. டிகின்டர் கற்றவர்களில் ஒரு தலைமுறை அந்த இரண்டையும் வைத்துத்தான் கற்றது. இரண்டும் பழைய முகவரியில் இப்போது இல்லை. முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டால் பழைய படிமம் கிடைக்கும். டிகே பழசை அவ்வளவாக உடைக்காத நூலகம், அதனால் அவற்றில் உள்ளது பெரும்பாலும் இன்றும் செல்லும். டிடிகே-க்கு மட்டும் எஃப்பாட் போதாது. அதற்கு டிகே டாக்ஸ் தளத்தைப் பாருங்கள். ஒரே காரியத்தை டிசிஎல், பைத்தான் இரண்டிலும் எழுதிக் காட்டுகிறது என்பதால் மொழிபெயர்ப்புப் பழக்கம் தானாக வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

தமிழில் வேண்டும் என்றால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்: பைத்தான் மொழிக்கு உண்டு, டிகின்டருக்கு மெலிவு. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் தமிழ் வழியிலேயே பைத்தான் சொல்லித்தருகிறது. கணியம் தளத்திலும் பைத்தான் பாடங்கள் உண்டு. லூப், ஃபங்ஷன், வகுப்பு இவற்றை அங்கே உறுதியாக்கிக்கொண்டு, விண்டோ விஷயத்துக்கு ஆங்கிலப் பக்கங்களுக்குப் போவது நல்லது. கையேட்டின் ஆங்கிலம் திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான், பழகிவிடும்.

## "பட்டனை அழுத்தினால் விண்டோ அப்படியே உறைந்துவிடுகிறது"

காசிமேட்டில் எலெக்ட்ரானிக் தராசிலிருந்து எடையை நேராகப் பெட்டிக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். தராசு சீரியல் போர்ட்டில் பேசும், பைசீரியல் நூலகம் கேட்கும். டைம்அவுட் கொடுக்காமல் ரீட் கூப்பிட்டால், தராசு ஏதாவது சொல்லும் வரை அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கும். அவ்வளவு நேரமும் மெயின்லூப் (கிளிக், விசை, வரைதல் எல்லாவற்றையும் கவனிக்கும் சுற்று) ஓடாது. மெயின்லூப் ஓடாவிட்டால் விண்டோவை வரைய ஆள் இல்லை, விண்டோஸ் "பதிலளிக்கவில்லை" என்று எழுதிவிடும்.

இதை டிகின்டர் கோளாறு என்று தேடினால் கண்டது எல்லாம் வரும். ஈவென்ட் லூப் என்ற கருத்தைத் தேடுங்கள், எந்த ஜியுஐ நூலகத்தின் பாடமாக இருந்தாலும் உதவும். டிகின்டருக்கே உரிய பகுதி ஆஃப்டர் என்ற மெத்தட். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வந்து, போர்ட்டில் ஏதாவது காத்திருக்கிறதா என்று எட்டிப்பார்த்து, இருந்தால் படித்து, தன்னையே மறுபடி அழைக்கச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு ஃபங்ஷன் போதும். நீண்ட வேலை என்றால் தனி த்ரெட், அதிலிருந்து க்யூ வழியாகத் தகவல், மெயின் த்ரெட்டில் ஆஃப்டர் அதை எடுத்துத் திரையில் போடும். வேறு த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டைத் தொடாதீர்கள். இந்த விஷயத்துக்கு மட்டும் பைத்தானின் சொந்தப் பக்கத்திலேயே த்ரெட் பற்றி நல்ல பகுதி இருக்கிறது.

## "படம் வைத்தேன், வெறும் இடம்தான் தெரிகிறது"

ஃபங்ஷனுக்குள் ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிளில் போட்டிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அந்தப் பொருளைக் குப்பையில் போடும், அதோடு டிகே பக்கத்துப் படமும் அழியும். லேபிளின் ஒரு பண்பாகவோ வகுப்பின் பண்பாகவோ பிடித்து வையுங்கள். படமே திறக்க மாட்டேன் என்றால் வகையைப் பாருங்கள்: 8.6-லிருந்து பிஎன்ஜி உண்டு, ஜேபெக் கிடையாது, அதற்கு பில்லோ நூலகம் வேண்டும்.

## "தமிழ் எழுத்து உடைகிறது"

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலு வெவ்வேறு நோய் இருக்கிறது. "உடைகிறது" என்று மட்டும் சொல்லித் தேடினால் நாள் முழுக்கப் போகும். திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. ஃபான்ட் மாட்யூலின் ஃபேமிலிஸ் ஃபங்ஷன் மெஷினில் உள்ள எழுத்துருப் பட்டியலைத் தரும். விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறதா, லினக்ஸில் நோட்டோ தமிழ் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்துகளும் வட்டத்துக்குள் எழுத்தும் மாறி மாறி வந்தால் என்கோடிங் கோளாறு. விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். டிகின்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பைத்தானின் ஓபன் பக்கத்தைப் படியுங்கள்.

சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கலந்து வந்தால், கடைக்காரர் பழைய காலத்தில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து வைத்த சரக்குப் பட்டியல் அது. ஓப்பன் தமிழ் நூலகத்தில் யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. ஒருமுறை மாற்றிச் சேமித்துவிட்டு மறந்துவிடலாம்.

நாலாவது நோய்தான் ஆளைக் குழப்புவது. எழுத்துகள் எல்லாம் இருக்கும், இடம் மாறி இருக்கும். நெத்திலி என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ந-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், பார்ப்பவருக்கு அது அடுத்த த-வின் கொம்பு போலத் தெரியும். கெளுத்தியும் அப்படியே. கு, து எல்லாம் சேர்ந்து ஓரெழுத்தாகாமல், மெய் தனியாக, உகரக் குறி தனியாக நிற்கும். எழுதிய பையனின் விண்டோஸ் லேப்டாப்பில் அழகாக இருந்திருக்கும், கடையில் உள்ள லினக்ஸில்தான் இந்தக் கூத்து.

காரணம் இது: யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் நகர்த்தி வரைவதும், குறியையும் மெய்யையும் ஒட்டி ஓரெழுத்தாக்குவதும் வடிவமைப்பு எஞ்சின் செய்யும் வேலை. விண்டோஸிலும் மேக்கிலும் அந்த வேலையை ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துவிடுகிறது. லினக்ஸில் டிகே 8.6 எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நூலகம் வழியாக ஒவ்வொரு குறியையும் வரிசையாக வரைந்துவிட்டுப் போய்விடும், எஞ்சினைக் கூப்பிடாது. எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைத்தான் ஆவணத்தில் இதைத் தேடினால் கிடைக்காது, கோளாறு மூன்றாவது அடுக்கில். தமிழ் என்று தேடுவதைவிட, டிகே, எக்ஸ்11, சிக்கலான எழுத்துமுறை, ஷேப்பிங் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இந்தி, வங்காளம், அரபு எழுதுபவர்களும் இதே இடத்தில் முட்டியிருக்கிறார்கள்.

காட்டுவதற்கு மட்டும் தமிழ் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பில்லோவில் ராக்ம் என்ற வடிவமைப்பு நூலகத்தை இயக்கி, சொல்லைப் படமாக வரைந்து லேபிளில் வைக்கலாம். உங்கள் பில்லோவில் ராக்ம் இருக்கிறதா என்று அதன் ஃபீச்சர்ஸ் மாட்யூலைக் கேட்டால் சொல்லும். மீன் பெயர்ப் பட்டியலுக்கும் பட்டன் பெயருக்கும் இது போதும். கடைக்காரர் பெட்டிக்குள் தமிழில் அடிக்க வேண்டும், அதுவும் லினக்ஸில் என்றால் டிகின்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறு விண்டோ நூலகங்களான, க்யூட்டி வழி வரும் பைசைட்6-க்கோ ஜிடிகே-வுக்கோ போய்விடுங்கள். இரண்டும் ஹார்ஃப்பஸ் எஞ்சினைப் பயன்படுத்துகின்றன, தமிழ் சரியாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் புது மென்பொருளைப் பற்றிப் பேச ஆட்களுக்கு நேரம் இருப்பது அப்போதுதான். நூலகத்தை மாற்றுவதாக இருந்தால் அந்த 61 நாளுக்குள் மாற்றி முடித்துவிடுங்கள். கடல் திறந்தபின் கல்லாவில் சோதனை ஓட்டம் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

## "எல்லா உதாரணமும் கால்குலேட்டர்தான், பெரிய மென்பொருளை எப்படி அடுக்குவது?"

பாடங்களை விடுங்கள், ஓடுகிற மென்பொருளைப் படியுங்கள். பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் முழுக்க டிகின்டரில் எழுதப்பட்டது, மூல நிரல் ஐடில்லிப் ஃபோல்டரில் உங்கள் மெஷினிலேயே கிடக்கிறது. க்வெரி என்ற கோப்பில் தொடங்குங்கள்: ஒரு கேள்வி கேட்டு, உள்ளீட்டைச் சரிபார்த்து, தப்பென்றால் அங்கேயே சொல்லும் சின்ன டயலாக். அடுத்து டூல்டிப். கன்ஃபிக்டயலாக் கடைசியில். டேப்கள், பட்டியல்கள், சேமித்தல் எல்லாம் கலந்த பெரிய கோப்பு அது. விண்டோஸில் எழுத்து மங்கலாகத் தெரிவதைச் சரிசெய்ய ஐடில் என்ன செய்கிறது என்பதும் அந்த ஃபோல்டரில் ஒரு குட்டி ஃபங்ஷனாக இருக்கிறது. எஸ்டோனியாவில் உருவான தோனி எடிட்டரும் டிகின்டரில் எழுதப்பட்டதே, இன்னும் பெரியது.

டிகே-யின் மூல நிரலோடு டெமோஸ் என்று ஒரு ஃபோல்டர் வரும். ஒவ்வொரு விட்ஜெட்டும் ஓடுவதைப் பார்த்து, அதன் டிசிஎல் நிரலையும் படிக்கலாம். பைத்தானின் டிகின்டர் சோதனைக் கோப்புகளும் நல்ல ஆவணம்தான், எந்த ஆப்ஷனுக்கு எந்த மதிப்பு செல்லும், எது செல்லாது என்று சோதித்துப் பார்த்திருப்பார்கள்.

## "ஏஐ எழுதித் தந்தது, இல்லாத ஆப்ஷன் எல்லாம் போட்டிருக்கிறது"

நல்ல ஆவணம் இல்லாத நூலகத்தில் ஏஐ அக்கம்பக்கத்து வீட்டுச் சாமானை எடுத்துவந்து வைத்துவிடும். கார்னர் ரேடியஸ் என்று ஓரம் வளைக்கும் ஆப்ஷன் வந்தால் அது கஸ்டம்டிகின்டர் என்ற வேறு நூலகத்தின் சொத்து. கிளிக்டு, கனெக்ட் என்று வந்தால் க்யூட்டி. சந்தேகமான பெயரை கன்ஃபிகர் தரும் பட்டியலில் தேடுங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள். கேட்கும்போதே பதிப்பு எண்ணையும் டிடிகே-யா பழைய குடும்பமா என்பதையும் சொல்லிக் கேட்டால் கலப்படம் குறையும். ஆளிடம் கேட்பதாக இருந்தாலும் இதே தகவலோடு, முழு எரரையும், கோளாறை மட்டும் காட்டும் இருபது வரி நிரலையும் கொடுங்கள். சென்னைபை என்ற பைத்தான் குழுவினர் மாதாமாதம் கூடுகிறார்கள். நகரின் தெற்குப் பக்கம் என்பதால் நம் பக்கத்திலிருந்து கொஞ்சம் பயணம்தான், ஆனால் ஒரு லேப்டாப்பை நேரில் திறந்து காட்டினால் சீக்கிரம் தீரும் விஷயங்கள் உண்டு.

## "பிரிண்ட் எடுக்க எந்தப் பக்கத்திலும் வழி இல்லை"

8.6-ல் எல்லா மெஷினுக்கும் பொதுவான பிரிண்ட் கட்டளை உண்மையிலேயே இல்லை, தேடி அலைய வேண்டாம். 9.0-வில்தான் டிகே பிரிண்ட் என்று ஒன்று வந்தது. கல்லாவில் இருக்கும் தெர்மல் பிரிண்டருக்கு அது தேவையும் இல்லை. பெரும்பாலானவை இஎஸ்சி-பிஓஎஸ் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும், அதற்கு பைத்தான்-எஸ்க்பாஸ் நூலகம் இருக்கிறது, தேட வேண்டியது அதன் ஆவணத்தில். இந்த பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து பொதுவாக இருக்காது. முன்பு ராக்ம் போட்டு வரைந்தோமே, அதே மாதிரி பில்லின் தமிழ் வரிகளையும் கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து அனுப்புங்கள். அகலம் எத்தனை புள்ளி என்று பிரிண்டர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 58 மில்லிமீட்டர் தாளுக்குப் பெரும்பாலும் 384 புள்ளி, 80 மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 576.